கரி ஓவியத்திலிருந்து எண்ணெய் ஓவியத்துக்கு: எட்டு ஞாயிறு வகுப்பு

பென்சிலில் எனக்கு ஓரளவு கை வரும். ஆனால் அதே படத்தை கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் போட்டால் உயிரே இருக்காது, கோட்டுக்குள் சாயம் அடைத்த மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் எங்கள் ஏரியாவில் ஓர் ஓவியர் மொட்டைமாடி அறையில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். எட்டு ஞாயிறு, தலா மூன்று மணி நேரம், 6,000 ரூபாய். கேன்வாஸும் டியூப்களும் நம் செலவு.

முதல் இரண்டு வாரம் பிரஷ்ஷைத் தொடவே விடவில்லை. அருவாமனையில் வாழைக்காய் நறுக்கும் அத்தையை வரைந்து கொண்டுபோயிருந்தேன். சார் பார்த்துவிட்டு, "கை நல்லாருக்கும்மா, ஆனா வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. அதையே கரியில், ஒரு கோடுகூட இல்லாமல், இருட்டு, வெளிச்சம், நடுவில் ஒரு சாம்பல் என்று மூன்றே நிறத்தில் திரும்பப் போடச் சொன்னார். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த கிராண்ட் ஜாட் தீவு ஓவியத்துக்காகச் சொரசொரப்பான தாளில் கருப்பு கிரேயானால் போட்ட படங்களைக் காட்டினார். அவற்றில் ஆட்களுக்கு விளிம்பே இல்லை, தாளின் வெள்ளையும் கருப்பும் சந்திக்கும் இடம்தான் உருவம்.

அப்புறம் கட்டம் போட்டுப் பெரிதாக்கி கேன்வாஸுக்கு மாற்றினோம். கரிக்கோட்டின் மேல் டர்பன்டைனில் கரைத்த அம்பர் (umber) என்ற மண் பழுப்பை மெல்லிய பிரஷ்ஷால் ஓட்டி, காய்ந்ததும் கரித்தூளைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே வைக்கும் மஞ்சள் அழுக்காகிவிடும். அடுத்து கேன்வாஸ் முழுக்க அதே பழுப்பைப் பூசி, ஈரம் போவதற்குள் துணியால் துடைத்துத் துடைத்தே வெளிச்சத்தை எடுக்கிறோம். இந்த ஒரு வகுப்புக்கே கொடுத்த பணம் சரியாகிவிட்டது. துணி சுற்றிய கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தேன், அத்தையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெயில் விழுந்தது. பென்சிலில் பாடுபட்டுப் போட்ட தாடைக்கோடு இப்போது இல்லை, கழுத்து நிழலே தாடையைக் காட்டிவிட்டது.

அம்பர் சீக்கிரம் காயும் என்பதால் அடுத்த ஞாயிறே நிறம் வைக்க முடிந்தது. அடிப்பூச்சில் டர்பன்டைன், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடுதல். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது பிறகு மெதுவாகக் காயும்போது மேலே வெடிப்பு விடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி, ஒவ்வொரு வாரமும் எல்லாத் துணியையும் கொடியில் விரித்துவிட்டுத்தான் எங்களை அனுப்புவார்.

குறை இல்லாமல் இல்லை. பதினொரு பேருக்கு ஒரே ஜன்னல், டர்பன்டைன் நெடியில் எனக்கு இரண்டு முறை தலைவலி வந்தது. நிறக் கலவைக்குக் கடைசி இரண்டு வகுப்புதான், அது போதவே போதாது. எந்த கேன்வாஸ் வாங்குவது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் வாங்கியதில் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் பூச்சு, சரியில்லை, அது எண்ணெயைக் குடித்துப் படத்தில் அத்தையின் புடவை திட்டுத்திட்டாக மங்கிப்போனது. ஆளிவிதை எண்ணெயைக் காய்ந்த பூச்சின் மேல் மெல்லியதாகத் தேய்த்துத் துடைக்கச் சொன்னார், நிறம் திரும்பி வந்தது.

வரையப் பழகாதவர்களுக்கு இந்த வகுப்பு கஷ்டம். ஸ்கெட்ச் புத்தகம் நிரம்பியும் கேன்வாஸ் பக்கம் போகப் பயப்படுகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். அத்தை படத்துக்கு வார்னிஷ் அடிக்க இன்னும் ஆறு மாதமாவது ஆகும். இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும் என்றார், அதனால் இப்போதைக்கு ஹாலில், நல்ல வெளிச்சம் இருக்கும் சுவரில் மாட்டியிருக்கிறேன்.