பூனையின் வலியை அளக்க ஒரு செயலி: ஃபீலைன் கிரிமேஸ் ஸ்கேல்

வலியை மறைத்துக்கொள்வது பூனையின் இயல்பு. அதனாலேயே நாய்க்குக் கிடைத்த அளவுக்கு வலி மருந்து பூனைக்கு நெடுங்காலம் கிடைக்காமல் போயிற்று. கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் உருவாக்கி 2019-இல் வெளியிட்ட ஃபீலைன் கிரிமேஸ் ஸ்கேல், பூனையின் முகக்குறிகளைக் கொண்டே வலியை மதிப்பிடும் முறையாகும். எங்கள் வீட்டுப் பூனைக்குக் கருத்தடை அறுவை நடந்த பின்பு அதன் இலவசக் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை இருக்கும் நிலை ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண் இட வேண்டும். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவைப்படலாம். காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பதும், கண்கள் பாதிக்கு மேல் இடுங்கியிருப்பதும், தலை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருப்பதும் முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடுகின்றன. மீசைதான் சிரமம்: தளர்ந்து வளைந்திருக்கிறதா, விறைத்து முன்னோக்கி நீட்டியிருக்கிறதா என்பதை, அதிலும் மங்கிய வெளிச்சத்தில், உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. தெரியாத உறுப்பை விட்டுவிட்டு எஞ்சியவற்றின் விகிதத்தைக் கணக்கிட இம்முறை இடம் தருவது நல்ல ஏற்பாடு.

பூனையைத் தொடாமல், சற்றுத் தள்ளியிருந்து, அரை நிமிடமாவது கவனித்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பதும், தூங்கும்போதும் தின்னும்போதும் உடம்பை நக்கும்போதும் கத்தும்போதும் மதிப்பிடக் கூடாது என்பதும் இதன் விதிகள். வயிற்றை அமுக்கிப் பார்த்து அது சீறுவதைக் கொண்டு வலியை முடிவுசெய்யும் நம்முடைய பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. இச்செயலியின் பெரிய பயனாக நான் கருதுவதும் இதையே.

குறைகளும் உண்டு. அச்சத்தாலும் மயக்க மருந்தின் மிச்சத்தாலும் முகக்குறி மாறக்கூடும் என்பதால், வீடு திரும்பியவுடன் இடும் மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன். பாரசீகப் பூனை போன்ற தட்டை முகங்களில் குறிகளைப் பிரித்தறிவது கடினம். திடீர் வலிக்கென வகுக்கப்பட்ட முறையாதலால், மூட்டுத் தேய்மானத்தால் மாடிப்படி ஏறத் தயங்கும் முதிய பூனைக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மதிப்பெண் கூடுதலாக வந்தால் மருத்துவரை அழைக்க வேண்டுமே ஒழிய, வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. அது பூனையின் உயிரையே பறித்துவிடும்.