நிறைவேறிய தீர்மானத்தை மாற்ற: மறுபரிசீலனையா, ரத்தா, திருத்தமா?

கூட்டம் நடத்தும் முறைகளைச் சொல்லும் அமெரிக்க விதிநூலான ராபர்ட்ஸ் ரூல்ஸ் படி நடக்கும் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி நேரும் பிழை இது. போன மாதம் நிறைவேறிய தீர்மானத்தை ‘மறுபரிசீலனை செய்ய வேண்டும்’ என்று இந்த மாதம் ஒருவர் எழுவார். தலைவரும் அப்படியே வாக்குக்கு விட்டுவிடுவார். மறுபரிசீலனைக்கான காலமோ போன மாதக் கூட்டத்தோடே முடிந்திருக்கும்.

ஒரே நாளில் முடியும் கூட்டமானால் மறுபரிசீலனையை அன்றைக்கே கொண்டுவர வேண்டும். பல நாள் மாநாடானால் அன்று அல்லது அடுத்த அலுவல் நாள். கொண்டுவருபவர் வென்ற தரப்பில் வாக்களித்தவராக இருக்க வேண்டும். வழிமொழிய யாரும் வரலாம். தீர்மானம் தோற்றிருந்தால் எதிர்த்து வாக்களித்தவர்களே வென்ற தரப்பு. ரகசிய வாக்கெடுப்பு நடந்திருந்தால், எப்படி வாக்களித்தோம் என்பதை முன்மொழிபவரே வெளியில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் ஈடாக இரண்டு ஆதாயம் உண்டு. சாதாரணப் பெரும்பான்மை போதும்; முன்மொழிந்த உடனேயே பழைய முடிவின் அமலாக்கம் நின்றுவிடும். ஆனால் மறுபரிசீலனை ஏற்கப்பட்டால் முடிவு மாறிவிட்டதாக அர்த்தமில்லை. பழைய தீர்மானம் மறுபடி விவாதத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். அதற்குத் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும். பல செயலாளர்கள் தவறவிடுவது இதைத்தான்.

(அமெரிக்க செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் தோற்கப்போகும் வாக்கெடுப்பில் கடைசி நேரத்தில் எதிர்ப்பக்கம் தாவுவதும் இதற்காகவே. வாக்களித்தவர் வென்ற தரப்பில் நின்றால்தான் பிறகு மறுபரிசீலனை கோரும் உரிமை கையில் இருக்கும்.)

ரத்துக்கும் திருத்தத்துக்கும் காலக்கெடு கிடையாது. எந்தப் பக்கம் வாக்களித்தவரும் கொண்டுவரலாம். முழுவதும் போக வேண்டுமானால் ரத்து, ஒரு பகுதி மட்டும் மாற வேண்டுமானால் திருத்தம். இரண்டுக்கும் வாக்குக் கணக்கு ஒன்றே. 120 உறுப்பினர் கொண்ட சங்கத்தில் 36 பேர் வந்து, அனைவரும் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். முன்னறிவிப்பு கொடுத்திருந்தால் 19 போதும். கொடுக்காவிட்டால் மூன்றில் இரண்டு, அதாவது 24. மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை என்ற மூன்றாவது வழிக்கு 61 வேண்டும். 36 பேர் கூடிய அவையில் அதை மறந்துவிடலாம். ஆகவே கொஞ்சம் பொறுத்து, முந்தைய கூட்டத்திலோ அழைப்பிதழிலோ முன்னறிவிப்பு கொடுப்பதே என் தேர்வு. அதற்குள் பணம் கைமாறிவிடும் என்ற அவசரம் இருந்தால் மட்டும் 24-க்கு முயலலாம். சங்கத்தின் துணைவிதிகளை (bylaws) மாற்றுவது வேறு கதை. அவற்றிலேயே எழுதியுள்ள திருத்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும். தோற்றுப்போன தீர்மானத்தை ரத்து செய்யத் தேவையே இல்லை, அடுத்த கூட்டத்தில் புதிதாகக் கொண்டுவரலாம்.

செய்து முடித்ததைத் திருப்ப முடியாவிட்டால் ரத்தும் செல்லாது. நிறைவேறாத மிச்சத்தை மட்டும் ரத்து செய்யலாம். உறுப்பினரை நீக்கி அவருக்கு அறிவித்துவிட்டால் அந்த நீக்கத்தையும் ராபர்ட்ஸ் முறையில் ரத்து செய்ய இயலாது. நாடாளுமன்ற மரபு வேறு: 1978 டிசம்பர் 19 அன்று இந்திரா காந்தியை மக்களவை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கிச் சிறைக்கு அனுப்பிய தீர்மானத்தை, அடுத்த மக்களவை 1981 மே 7 அன்று ரத்து செய்தது. சிறையில் கழிந்த நாள்கள் கழிந்தவைதான்.

தீர்மானத்தைக் கூட்டப் பதிவேட்டிலிருந்தே நீக்கும் வழியும் உண்டு. அதற்கு மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை கட்டாயம். அப்போதும் கிழித்தெறிவதில்லை, கீழே உள்ள எழுத்து படிக்க முடியும்படி கோடிட்டு, நீக்க ஆணையிடப்பட்டது என்று தேதியுடன் செயலாளர் ஒப்பமிடுவார். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனை 1834-இல் கண்டித்த தீர்மானத்தை செனட் 1837-இல் இப்படித்தான் நீக்கியது. சங்கங்களுக்கு இது வீண் வம்பு.

முன்னறிவிப்பிலும் ஒரு பொறி உண்டு. நூலகத்துக்கு 5,000 டாலர் ஒதுக்கிய தீர்மானத்தை 3,000 ஆக்குவதாக அறிவித்திருந்தால், கூட்டத்தில் 4,000 என்று திருத்தலாம். 19 வாக்கு போதும். யாராவது 2,000 என்று திருத்தி அது ஏற்கப்பட்டால் அறிவிப்பின் எல்லை தாண்டிவிடும். பிறகு அந்த 19 செல்லாது, 24 தேடியாக வேண்டும்.