நிருவாகித் தேர்வைப் பற்றி வேட்பாளர்களிடம் கேட்பது எப்படி: திறந்த பக்கமா, படிவமா, நேர்ப்பேச்சா?

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-ஆம் ஆண்டில் மட்டும் 408 பேர் புதிதாக நிருவாகி ஆனார்கள். 2021-இல் அந்த எண்ணிக்கை 7. பக்கங்களை நீக்க, பூட்ட, விஷமிகளைத் தடைசெய்ய உரிமை பெற்ற பயனர்தான் நிருவாகி; அப்படி ஆள் தேவைப்படுவது மட்டும் குறையவில்லை. அத்தனையும் சம்பளமில்லாத தொண்டு. அதற்கு ஏன் யாரும் முன்வருவதில்லை என்று கேட்டால், உருப்படியான விடை வேட்பாளராக நின்று பார்த்தவர்களிடமும் நிற்க நினைத்துப் பின்வாங்கியவர்களிடமும்தான் கிடைக்கும். அவர்களிடம் கருத்துக் கேட்க மூன்று வழிகள் உண்டு: விக்கியிலேயே ஒரு திறந்த பக்கம், பெயர் சொல்லாமல் நிரப்பும் இணையப் படிவம், தனித்தனியாக நேர்ப்பேச்சு.

எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். அங்கே இப்போது தேர்வுமுறை இரண்டு. பழைய முறையில், நிருவாகி ஆக விரும்புபவருக்கான வேண்டுகோள் பக்கம் 7 நாள் திறந்திருக்கும். ஆதரவோ எதிர்ப்போ பெயர் போட்டு, பெரும்பாலும் காரணத்தோடு எழுதுவார்கள். ஒருவர் இரண்டு கேள்விகள் வரை கேட்கலாம். ஆதரவு 75 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக வெற்றி, 65-க்குக் கீழே போனால் தோல்வி, நடுவில் நின்றால் அதிகாரிகள் (நிருவாகி உரிமையை வழங்கும் பொறுப்பிலுள்ள பயனர்கள்) கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். புதிய முறை ரகசிய வாக்கெடுப்பு. 2024 அக்டோபரில் சோதனையாக நடந்த முதல் தேர்தலில் 32 பேர் ஒன்றாக நின்றார்கள். 3 நாள் கலந்துரையாடல், 7 நாள் வாக்குப்பதிவு. ஆதரவும் எதிர்ப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையில் 70 விழுக்காடு ஆதரவு இருந்தால் தேர்வு. 11 பேர் வென்றார்கள்.

பழைய முறையில் தோற்றவருக்குக் காரணம் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் பக்க வரலாற்றில் என்றைக்கும் கிடக்கும். புதிய முறையில் தோற்றவர் கையில் மூன்று எண்கள் மட்டுமே மிஞ்சும்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. ஆகவே இரு தரப்புக்கும் ஒரே வினாத்தாளை நீட்டினால் பதில்கள் ஒட்டாது. முதல் தரப்பிடம் "எந்த நாளில் விலகிவிடலாமா என்று நினைத்தீர்கள், அன்று பக்கத்தில் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். இரண்டாம் தரப்பிடம் "எதிர்ப்பு வாக்குகளுக்கு எது காரணம் என்று ஊகிக்கிறீர்கள்? கலந்துரையாடலில் அதற்குத் தடயம் இருந்ததா?" என்பதுதான் பயன் தரும். "அனுபவம் எப்படி இருந்தது, 1 முதல் 5 வரை மதிப்பிடுக" என்ற கேள்வியை இரண்டிலும் தவிர்த்துவிடலாம். 3 என்று விழும் பதிலை வைத்துக்கொண்டு எந்த விதியையும் திருத்த முடியாது.

திறந்த பக்கத்துக்குச் செலவே இல்லை. தலைப்பும் நான்கு கேள்விகளும் போட்டு, வேட்பாளர்களின் பேச்சுப் பக்கத்தில் அழைப்பு விட்டால் போதும். 2024 தேர்தலுக்குப் பின் ஆங்கில விக்கியில் இப்படி ஒரு பக்கத்தில் கருத்துகள் திரட்டப்பட்டன. நடைமுறைக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. 32 பேரைப் பற்றி 3 நாளில் படித்து முடிப்பது கடினம், வாக்குச்சீட்டு நீளமாக இருக்கிறது என்பதையெல்லாம் யாரும் தயங்காமல் எழுதுவார்கள். மனக்காயத்தைத்தான் எழுத மாட்டார்கள். மறுபடி நிற்கும் எண்ணம் உள்ளவர், தன் குறைகூறலே அடுத்த முறை எதிர்ப்பு வாக்குக்கு மேற்கோளாகும் என்று அறிவார். இன்னொரு சிக்கல், முதலில் எழுதுபவரின் தொனியைப் பின்னால் வருபவர்கள் பிடித்துக்கொள்வது. ஒவ்வொருவருக்கும் தனித் துணைப்பக்கம் கொடுத்தால் இது கொஞ்சம் குறையும்.

படிவம் மனம் திறக்க வைக்கும், ஆனால் பெயர் மறைந்திருக்கிறது என்ற உறுதிமொழி எளிதில் உடையும் இடமும் இதுதான். கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் திரட்டலை அணைத்தாலும், பதில் அட்டவணையின் முதல் நிரலில் நேர முத்திரை விழும். ஒருவருக்கு மட்டும் மாலை 6 மணிக்கு நினைவூட்டல் அனுப்பி, 6.20-க்குப் பதில் வந்தால் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நினைவூட்டலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள், அந்த நிரலை அலசல் தொடங்கும் முன்பே நீக்குங்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளான லைம்சர்வே இதற்குப் பொருத்தம். அதில் ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீட்டு இணைப்பு அனுப்பிவிட்டு, பெயரறியாப் பதில் என்ற அமைப்பை இயக்கினால் குறியீட்டுக்கும் பதிலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். கருத்தெடுப்பைத் தொடங்கிய பின் இந்த அமைப்பை மாற்ற முடியாது என்பதால் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். ஐபி முகவரி சேமிப்பும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்பு அனுப்புவதிலும் ஒரு பள்ளம் உண்டு. விக்கியின் 'பயனருக்கு மின்னஞ்சல்' வசதியில் பெறுபவரின் முகவரி உங்களுக்குத் தெரியாது. அவர் அந்த மடலுக்குப் பதில் போட்டால் தெரிந்துவிடும், பலருடைய முகவரியில் சொந்தப் பெயரே இருக்கும். "இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம், இணைப்பில் மட்டும் எழுதுங்கள்" என்று மடலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் ஆள் குறைவாக இருந்தால் மறைப்பு நிற்காது. 11 வெற்றியாளர்களில் ஒருவர் என்றால் 9 விழுக்காடு. 7 பேரில் ஒருவர் 14 விழுக்காடு. "பத்தாண்டுக்கு மேல் பங்களித்தவர்களில் இத்தனை விழுக்காடு" என்று வகை பிரித்தாலே ஆள் வெளிப்பட்டுவிடும். 20 பேருக்குக் கீழே எங்கள் பரிந்துரை: விழுக்காடு வேண்டாம், வகை பிரிப்பும் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

அந்தச் சிறு கூட்டத்துக்கு நேர்ப்பேச்சே மேல். ஒருவருக்கு 30 முதல் 40 நிமிடம், கேள்வி ஐந்துக்கு மேல் போகக் கூடாது. குரல் அழைப்போ எழுத்து அரட்டையோ, தேர்வு அவருடையது. பேட்டி எடுப்பவர் அந்தத் தேர்வில் வாக்களித்தவராக இருக்கவே கூடாது. எதிர்த்து வாக்களித்தவரிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள். ஒலிப்பதிவு இல்லாமல் குறிப்பெடுத்து, அதை அவருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அறிக்கையில் சேர்க்க வேண்டும். இந்த வழியின் விலை உழைப்பு. 32 பேர் என்றால் பேசுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம், குறிப்பைத் திருத்தி எழுத அதற்கு மேலும் ஆகும். நேர வலய வேறுபாடு தனித் தலைவலி.

எப்போது கேட்பது? முடிவு வந்த மறுநாள் கேட்டால் கோபமோ மகிழ்ச்சியோதான் பேசும். ஆறு மாதம் கழித்தால் எந்தக் கேள்வி எரிச்சலூட்டியது என்பதே மறந்திருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் படிவத்தையோ பேட்டியையோ முடித்துவிட்டு, திறந்த பக்கத்தை அதன் பிறகு திறப்பது நல்லது. முதலில் திறந்தால், பொதுவில் எழுதிய அதே வாசகங்கள்தான் படிவத்திலும் வந்து விழும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலான கருத்தெடுப்புகள் கோட்டை விடுகின்றன. வென்றவர்களைப் பிடிப்பது எளிது. அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். அவர்களை மட்டும் கேட்டால் தேர்வுமுறை நன்றாகவே இருக்கிறது என்றுதான் தோன்றும். தோற்ற வேண்டுகோள்களுக்கு ஆங்கில விக்கியில் ஆண்டுவாரியான பட்டியல் இருக்கிறது. நடுவில் விலகியவர்களும் அதில் கிடைப்பார்கள். 25 பேர் கையெழுத்திட்டால் நிருவாகி பதவியில் நீடிக்க மறுதேர்வுக்கு நிற்க வேண்டும் என்ற திரும்ப அழைக்கும் முறை 2024-இல் வந்த பிறகு, மறுதேர்வுக்கு நின்றவர்களும் நிற்காமல் பொறுப்பை விட்டவர்களும் தனிப் பிரிவாகச் சேர்கிறார்கள்.

இவர்களைவிட முக்கியமானவர்கள் நிற்காமலே திரும்பிப் போனவர்கள். நின்றால் வெல்வேனா என்று ஒருவர் முன்கூட்டியே கேட்க, மற்றவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் பக்கம் ஒன்று அங்கே இயங்கிவந்தது. அதன் பழைய பதிவுகளை எடுத்து, வேண்டுகோள் பட்டியலிலும் தேர்தல் பட்டியலிலும் உள்ள பெயர்களைக் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கூட்டம். அவர்களுக்குப் படிவம் அனுப்பாதீர்கள். ஒரே கேள்வியோடு, "எதைப் பார்த்துப் பின்வாங்கினீர்கள்?" என்று, தனி மடல் போடுங்கள்.