மொட்டைமாடியில் ஒன்பது பேனல்கள்: நான்கு ஆண்டுக் கணக்கு

2022 ஜனவரியில், திருநெல்வேலிப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்பை நிறுவினோம். 335 வாட் பேனல்கள் ஒன்பது, மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி கிடையாது. மானியத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் 1,85,000 ரூபாயையும் கையிலிருந்தே போட்டோம். அன்று முதல் மாலை விளக்கேற்றும் நேரத்தில் இன்வெர்ட்டர் திரையில் தெரியும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான். முதல் ஆண்டு 4,310 யூனிட், நான்காம் ஆண்டு 4,205 யூனிட். நான்கு ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த பொருளுக்கு இந்தக் குறைவு மிகச் சிறியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையே கட்டிக்கொண்டிருந்த மின்கட்டணம் இப்போது சில நூறுகளில் நிற்கிறது. பகலில் நாங்கள் செலவழிக்காத யூனிட்டுகள் இருவழி மீட்டர் வழியாக வெளியே போய், எங்கள் கணக்கில் வரவாகின்றன. போட்ட முதல் திரும்ப எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். அந்த மீட்டர் வந்து சேர எழுபது நாள் ஆயிற்று. அதுவரை பேனல்கள் சும்மா வெயில் காய்ந்தன. அந்த எழுபது நாளை நினைத்தால் இன்றும் மனம் பொருமுகிறது.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் கொட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. எங்களுக்கு மிக நல்ல விளைச்சல் பிப்ரவரி, மார்ச்சில்தான். கத்திரி வெயிலில் அல்ல. பேனலின் 335 வாட் என்பது அதன் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்த கணக்கு. மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிவிடும். எங்களுடைய பேனல் வகையில் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது. அதாவது உச்சி வெயிலில் ஏழில் ஒரு பங்கு சூட்டிலேயே போய்விடுகிறது. பேனலைத் தரையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று புகுந்து வெளியேறும்படி உயர்த்திப் போடச் சொல்வது இதனால்தான். எங்கள் சட்டகம் முழங்கால் உயரம்தான். இடுப்பளவுக்கு உயர்த்தியிருந்தால் காற்றும் கிடைத்திருக்கும். அடியில் குனிந்து பெருக்கவும் முடிந்திருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. மேல்நிலைத் தொட்டி வறண்டு கிடந்தது. "மேலே வெயில் அடிக்கிறதே, மோட்டார் ஏன் ஓடவில்லை?" என்று அம்மா கேட்டார். வெளியே கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் எங்கள் இன்வெர்ட்டரும் தானாக அணைந்துவிடும். நம் வீட்டு மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்து, பழுது பார்க்க ஏறியவரின் உயிரைப் பறித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒன்பது பேனல்கள் தலைக்கு மேல் பளபளத்துக்கொண்டிருக்க, பக்கத்துத் தெருக் கைபம்பில் குடத்தோடு நின்றபோது, இதை விற்பவர்கள் முதல் நாளே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த கோடையில் இன்னொரு பாடம். ஒரு தூறலுக்குப் பிறகு இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'எர்த் ஃபால்ட்', அதாவது மின்கசிவு, என்று காட்டியது. பேனல்களை நிறுவிய நிறுவனத்தின் எண் உபயோகத்தில் இல்லை. பதினோரு நாள் உற்பத்தி பூஜ்யம். கடைசியில் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, பேனலில் ஒரு குறையும் இல்லை. அணில் கடித்திருக்கிறது" என்றார். கம்பியின் கறுப்பு உறை கொறிக்கப்பட்டு, ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்பு தெரிந்தது. பக்கத்திலேயே தேங்காய் நாரும் பஞ்சும் வைத்த கூடு. எல்லாப் பேனல்களும் ஒரே சரமாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் கெட்டால் ஒன்பதும் படுத்துவிடும். செலவு 1,400 ரூபாய்தான். அந்த வேலை தெரிந்த ஆளைக் கண்டுபிடிக்கத்தான் பதினோரு நாள்.

நம் நாட்டின் சூரிய மின் திட்டங்களை நான் இந்தப் பதினோரு நாள் வழியாகத்தான் பார்க்கிறேன். 2010இல் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. 2015இல் அது ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்ந்தது. அதில் 40,000 கூரைகளிலிருந்து வர வேண்டும். ராஜஸ்தானின் பட்லாவும் கர்நாடகத்தின் பாவகடாவும் நம் கமுதியும் பெரும் சூரிய மின் பூங்காக்களாக எழுந்தன. கூரைகள் வெகுவாகப் பின்தங்கின. ஒரு லட்சம் மெகாவாட்டை நாடு தொட்டது 2025இன் தொடக்கத்தில்தான். தாமதமானாலும் அது பெரிய சாதனை, எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். என் மைத்துனர் அதில்தான் போட்டார். அவருக்குப் போட்ட பணம் ஐந்தாறு ஆண்டுகளில் திரும்பிவிடும். நிறுவியவரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கிறது. மானியத்தைவிட எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று எண்ணுவதோடு, நிறுவியவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன என்றும் எண்ண வேண்டும். ஊருக்கு இரண்டு பேருக்காவது இந்தப் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுத்தர வேண்டும்.

மாலை ஆறரைக்குப் பிறகு எங்கள் வீடும் மற்ற வீடுகளைப் போலத்தான். முழுக்கக் கம்பியை நம்பியிருக்கிறது. ஜூன், ஜூலையில் எங்கள் வரவு கொஞ்சம் இறங்கும். அதே நாட்களில் கயத்தாறு வழியாக பஸ்ஸில் போனால் காற்றாலைகள் இரவு பகல் பாராமல் சுற்றிக்கொண்டிருக்கும். வெயிலும் காற்றும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடம்பாறையில் மிச்ச மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். அதுபோன்றவை இன்னும் பல வேண்டும்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு: சட்டகத்தை உயர்த்துங்கள். கம்பிகளைக் குழாய்க்குள் விடச் சொல்லி, முனைகளை வலையால் அடையுங்கள். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கழுவுங்கள்; சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடுவதால் மழைநீரைச் சேர்த்து வைத்துக் கழுவுகிறேன். கையில் பணம் இருந்தால், பேட்டரி இணைக்கக்கூடிய இன்வெர்ட்டரையே வாங்குங்கள். எங்களுடையது மாற வேண்டிய நாளில் அதைத்தான் வாங்கப் போகிறோம். மின்சாரம் நின்ற நாளிலும் அம்மாவுக்கு மோட்டார் ஓட வேண்டும்.