கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29-ஐ புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள்

எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று) முடிந்து, தோட்டத்திலோ வீட்டு வாசலிலோ நிற்கிற பழைய லோடு வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்த யோசனையிலேயே ஆறு வருடம் கழித்தேன். இரண்டு பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். முதல் ஆளால் போனது பணம் மட்டும். இரண்டாவது ஆளால் இன்றைக்கும் கோர்ட்டுக்கு அலைகிறேன்.

வண்டி டாடா 407, 1994 மாடல். அப்பா புதிதாக எடுத்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பாலக்காடு போய்விட்டு, மறுநாள் மதியம் வீடு திரும்புவார். என்னையும் தங்கையையும் படிக்கவைத்தது அந்த வண்டிதான். ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) முன்பே என் பெயருக்கு மாற்றிவிட்டார். 2017இல் அவருக்குக் கண் பார்வை குறைந்ததும் வண்டி கொட்டகைக்குள் நின்றது. அடுத்த வருடம் எஃப்.சி. முடிந்தது. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று இன்ஷூரன்ஸையும் விட்டுவிட்டேன்.

2021இல், வண்டியை அப்பா ஓட்டிய காலத்தில் இருந்த மாதிரியே திரும்பக் கட்டிவிடலாம் என்று ஆசை வந்தது. 407க்கு இன்றைக்கும் ஊருக்கு ஊர் உதிரிபாகம் கிடைக்கும். அதன் நாலு சிலிண்டர் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் நிறைய உண்டு. அதனால் தைரியமாகப் பக்கத்து டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் விக்கவே கூடாதுங்க. வின்டேஜ் நம்பர் வாங்கிட்டா பத்து லட்சத்துக்குக் கேப்பாங்க" என்றார். நம்பினேன். அந்த வருடம் வந்த வின்டேஜ் பதிவு விதி 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான் என்பதும், வாடகைக்கு ஓடும் லோடு வண்டி அதில் வரவே வராது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வருடத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தேன். ஒரு தடவை டிங்கரிங் என்பார், ஒரு தடவை இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற நாசில் வரவில்லை என்பார். ஒரு சாமானுக்கும் பில் கிடையாது. 2023 சித்திரையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பார்வை மங்கியவர், இன்ஜினைக் கையால் தடவித்தான் பார்த்தார். டீசல் பம்ப்பின் அடியில், ஓட்டம் போகிற இடத்தில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அவர் பஞ்ச் வைத்து மூன்று புள்ளி அடித்திருந்தார். விரலால் இரண்டு மூன்று முறை தேடினார். "இது நம்ம பம்ப் இல்லப்பா" என்றார். பட்டறைக்காரர், ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் மாறியிருக்கலாம் என்றார். பழைய பம்ப் கடைசிவரை வரவில்லை. எப்படியோ ஸ்டார்ட் ஆகிற அளவுக்குச் செய்ய வைத்து வண்டியை எடுத்து வந்தோம். பட்டறையில் விடும்போதே இன்ஜின் நம்பர், பம்ப் நம்பர், கியர்பாக்ஸ், டயர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கியிருந்தால் நான் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

இனி விற்றுவிடலாம் என்று மனம் விட்டுப்போன நேரத்தில்தான் புரோக்கர் வந்தார். ஆள் மரியாதையாகப் பேசினார். "அண்ணே, பதினஞ்சு வருசம் தாண்டின வண்டியையெல்லாம் கவர்மென்ட் புடுங்கி உடைக்கப்போவுது. இப்ப விட்டா காயலான் கடையில கிலோ கணக்குலதான் போடணும்" என்றார். அந்த வருடம் ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டினால் பதிவு ரத்து என்று வந்த உத்தரவு அரசு வாகனங்களுக்கானது. நம் ஊரில் தனியார் வண்டிக்கு வயது ஒரு தடையாகாது, எஃப்.சி.யில் தேற வேண்டும், அவ்வளவுதான். டீசல் வண்டிக்குப் பத்து வருடம் என்ற கதை டெல்லிப் பகுதிக்கு உள்ளது. இதை வைத்துத்தான் இன்றும் ஊர் ஊராகப் பயமுறுத்தி வண்டி வாங்குகிறார்கள்.

ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். தொண்ணூற்றைந்தாயிரம் கையில் கொடுத்தார். மீதி முப்பத்தைந்தாயிரம், ஆர்.சி.யில் பெயர் மாற்றும்போது. "எஃப்.சி. இல்லாம பேர் மாத்த முடியாதுண்ணே. நானே எஃப்.சி. காட்டி, டாக்ஸ் பாக்கி கட்டி, ஒரு மாசத்துல மாத்திக்கிறேன். நீங்க 29லயும் 30லயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். எஃப்.சி. விஷயம் உண்மைதான், அதனால் மற்றதையும் நம்பினேன். தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாத ஃபாரம்கள், ஆதார் நகல், ஒரிஜினல் ஆர்.சி. எல்லாம் கொடுத்தேன். அவரிடமிருந்து நான் எழுதி வாங்கியது ஒன்றும் இல்லை.

நான் செய்த பெரிய தவறு எங்கே என்று இப்போது தெரியும். ஃபாரம் 29 என்பது வாங்குகிறவருக்குக் கொடுக்கும் காகிதம் இல்லை. 'இந்த வண்டியை இன்னாருக்கு, இந்தத் தேதியில் கொடுத்துவிட்டேன்' என்று விற்கிறவர் தானே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்கிற தகவல் அது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு சொல்கிறது. வாங்குகிறவர் ஃபாரம் 30 மூலம் பெயர் மாற்ற விண்ணப்பிக்க 30 நாள். நம்மில் முக்கால்வாசிப் பேர் 29-ஐயும் 30-ஐயும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அவர் அதை எங்கும் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்கு விற்கிறார். அந்த ஆள் இன்னொருவருக்கு. ஆபீஸ் பதிவில் மட்டும் உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.

மூன்றாம் மாதம் போனில் ஒரு இ-சலான் (அபராத நோட்டீஸ்) வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லை, எஃப்.சி. இல்லை. புரோக்கரைக் கேட்டால் "நான் கட்டிடுறேன்ணே" என்றார். இரண்டாவது சலான் வந்தபோது போனை எடுக்கவில்லை. அப்போதாவது நான் ஓடியிருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், போலீசில் மனு கொடுத்திருக்க வேண்டும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

2024 பிப்ரவரியில் தாராபுரம் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போன். பால்கேனோடு மொபட்டில் போன ஒருவரை வண்டி அடித்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் முறிவு. டிரைவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் யாரிடம் வேலை செய்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில் டிரைவருக்கு அடுத்து என் பெயர்தான் இருக்கிறது.

விற்றுவிட்டேனே என்று வக்கீலிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். அதிலும் இதே கதைதான். ஒருவர் விற்றிருக்கிறார், வண்டி கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது, பதிவு மட்டும் முதல் ஆள் பெயரில். விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். இல்லாததால் தீர்ப்பாயம் போடுகிற தொகை என் தலையில்தான். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற மனிதர், அவருக்கு நியாயமாகப் பணம் கிடைக்க வேண்டும்.

ஆகவே விற்கிறவர்கள் தயவுசெய்து இப்படிச் செய்யுங்கள். எஃப்.சி. செலவு எவ்வளவு ஆனாலும் நீங்களே காட்டி, ஒரு வருட இன்ஷூரன்ஸ் போட்டு, அப்புறம் விலை பேசுங்கள். செலவை விலையில் ஏற்றிக்கொள்ளலாம். வாங்குகிறவரோடு நீங்களும் ஆபீசுக்குப் போங்கள். 29-ஐ உங்கள் கையாலேயே கொடுத்து, பதிந்த அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கிறவரை சாவியைக் கொடுக்காதீர்கள். டீலர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்றிதழைக் கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். அப்படிப்பட்ட டீலரிடம் ஒப்படைத்ததை ஃபாரம் 29சி மூலம் பதிந்துவிட்டால் அதற்கப்புறம் பொறுப்பு அவருடையது. என்னிடம் வந்தவரிடம் ஒரு விசிட்டிங் கார்டைத் தவிர எதுவும் இருந்திருக்காது. வைத்துக்கொள்வதாக இருந்தால், கொட்டகையில் நின்றாலும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸை (நம் வண்டியால் அடிபடுகிறவருக்கானது) மட்டும் விடாதீர்கள்.

வண்டி இப்போது எங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது. ஆர்.சி. என் பெயரில் இருப்பதால், விபத்துக்குப் பிறகு போலீஸ் பிடித்து வைத்த அதை மீட்க மனுப் போடும் உரிமையும் எனக்குத்தான் இருந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆளை அடித்த வண்டி என்பதால் ஈட்டுத்தொகை கட்டச் சொன்னார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: வழக்கு முடியும்வரை விற்க மாட்டேன், எந்த மாற்றமும் செய்ய மாட்டேன், கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன் என்று. முன் பம்பர் நசுங்கி, ஒரு ஹெட்லைட் உடைந்து நிற்கிறது. சாயங்காலம் அப்பா போய் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஹெட்லைட்டைக்கூட நான் இப்போது மாற்ற முடியாது. அடுத்த வாய்தா மாசியில்.