“மைனஸ் 17 தாங்கும் சீனப் பனை” விளம்பரமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். “மைனஸ் 17 டிகிரி குளிரைத் தாங்கும் சீனப் பனை, 6 அடி வளர்ந்த மரம், வீட்டு வாசலுக்கே டெலிவரி” என்று ஒரு விளம்பரம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் லெஸ்டரில் இருக்கும் தம்பி ஒருவர் “அண்ணே, இது வாங்கலாமா?” என்று அதை எனக்கு அனுப்பியபோதுதான் கவனித்தேன். அதே படம், அதே வாசகம், கடைப் பெயர் மட்டும் வேறு. என்னிடம் 165 பவுண்டு வாங்கிக்கொண்டு வேறொரு மரத்தைத் தலையில் கட்டியவர்களின் விளம்பர வாசகம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் அதைத் தெரிந்துகொள்வதில் பிரயோசனம் இல்லை, ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், உண்மையான சீனப் பனையின் மேல் எந்தக் குறையும் இல்லை. டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்பது அதன் பெயர். ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் சீனாவிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கன்றுகளை அனுப்பினார், அன்றிலிருந்து இந்த நாட்டில் அது வளர்கிறது. விசிறி ஓலை, நம் ஊர்ப் பனையைவிடச் சின்னதாக, தண்டு முழுக்கப் பழுப்பு நிறப் பன்னாடை சுற்றியிருக்கும். நன்றாக வேர் பிடித்த மரம் மைனஸ் 10, ஏன் மைனஸ் 15 வரைகூடச் சமாளிக்கும். பனங்காடு பார்த்து வளர்ந்தவனுக்கு மில்டன் கீன்ஸ் வீட்டின் பின்பக்கம் ஒரு விசிறி ஓலை அசைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆசையில் காசு பார்க்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

2022 செப்டம்பரில் மரம் வந்தது. 6 அடி என்றார்களே, அது தொட்டியின் அடியிலிருந்து உயர்ந்து நிற்கும் ஓலை நுனி வரை அளந்த கணக்கு. தண்டு என்று சொல்ல ஒரு சாண்கூட இல்லை. அதையாவது விட்டுவிடலாம், மட்டையைப் பிடித்துத் தூக்கியபோது உள்ளங்கையில் கீறியது. இரண்டு ஓரத்திலும் வளைந்த முட்கள், நம் ஊர்க் கருக்குமட்டையைப் போலவே. படித்த வரையில் சீனப் பனை மட்டையில் இப்படி இருக்கக் கூடாதே என்று அன்று மாலையே படம் எடுத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் உடனே வந்தது: இது அசல் டிராக்கிகார்ப்பஸ்தான், கன்றாக இருக்கும்போது முள் இருக்கும், வளர வளர உதிர்ந்துவிடும், உடனே தரையில் நடுங்கள், மைனஸ் 17 வரை எதையும் போர்த்தத் தேவையில்லை. இதில் ஒரு வாக்கியம்கூட உண்மை இல்லை. ஆனால் எழுத்தில் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் பின்னால் எனக்கு உதவியது.

அந்த வருட டிசம்பர் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு வாரத்துக்கும் மேலாக உறைபனி விடவே இல்லை. எங்கள் தோட்டத்து வெப்பமானி ஒரு இரவு மைனஸ் 7 காட்டியது. விளம்பரத்தில் சொன்ன மைனஸ் 17 எங்கே, இது எங்கே! பனி விலகியபோது ஓலையெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டிருந்தது. குருத்து மட்டும் பச்சையாகத் தெரிந்ததால் ஒரு நம்பிக்கை இருந்தது. ஜனவரி கடைசியில் அதை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் கூழ்போல அழுகி, புளித்த நாற்றம் அடித்தது. தென்னையில் குருத்தழுகல் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். குளிரில் செத்த திசுவில் மழைநீர் இறங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து வளரும் நுனியைத் தின்றுவிடும். சீனப் பனையாக இருந்தால் குருத்து போனாலும் கோடையில் மறுபடி தள்ள வாய்ப்பு உண்டு. இது தள்ளவில்லை.

கடையில் கேட்டால், “நீங்கள் போர்த்தவில்லை, அதனால் எங்கள் பொறுப்பு இல்லை” என்றார்கள். போர்த்தத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்த அதே ஆட்கள்! வேண்டுமானால் அடுத்த மரத்தைப் பாதி விலைக்குத் தருகிறோம் என்று தாராளமும் காட்டினார்கள்.

செத்த மட்டைகளையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு, பல வருடமாகப் பனை வகைகள் மட்டுமே வளர்க்கும் ஒரு நாற்றங்கால்காரரிடம் போனேன். பெரியவர் மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், வாஷிங்டோனியா ரொபஸ்டா. வடமேற்கு மெக்சிகோவின் மரம், லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்குமே, அதுதான். மைனஸ் 5ஐ நெருங்கும்போதே ஓலை கருகத் தொடங்கிவிடும், அதுவும் ஈரக் குளிர் என்றால் கன்று தாங்காது. லண்டன் நடுவில் கட்டடச் சூட்டில் ஒன்றிரண்டு தப்பலாம், எங்கள் பக்கம் வாய்ப்பே இல்லை. அப்புறம் ஏன் இதை விற்கிறார்கள் என்றால், சீனப் பனை மெதுவாக வளரும், விற்கிற அளவுக்கு வர நாற்றங்காலில் பல வருடம் வைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டோனியாவோ ஸ்பெயின் வெயிலில் மடமடவென்று வளர்ந்துவிடும். மலிவான மரத்துக்கு விலை உயர்ந்த மரத்தின் பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான் வியாபாரம்.

அவர் காட்டிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். மட்டை ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், சீனப் பனையில் சின்னச் சொரசொரப்பு இருக்கலாம், கையைக் கிழிக்கிற முள் இருக்காது. ஓலை மடல்களுக்கு இடையில் வெள்ளை நூல் நூலாகச் சுருண்டு தொங்கினால் அது வாஷிங்டோனியா. மட்டையின் அடி செம்பழுப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். தண்டில் பன்னாடை நார் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், சீனப் பனையில் இளம் வயதிலேயே அது தெரியும். முள் இருந்தாலே வாஷிங்டோனியா என்றும் முடிவு கட்டாதீர்கள், மத்தியதரைக் கடல் பக்கத்துக் குட்டைப் பனையான கேமிராப்ஸ் ஹுமிலிசுக்கும் முள் உண்டு. ஆனால் அது அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைத்துப் புதர்போல வரும், தண்ணீர் தேங்காத மண் கொடுத்தால் மைனஸ் 10 பக்கம் வரை நிற்கும், நல்ல மரம்.

பணம் திரும்பி வந்த கதை முக்கியம். இந்த நாட்டில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் விளம்பரத்தில் சொன்ன மாதிரியே இருக்க வேண்டும். வேறு இனத்தை அனுப்பினால் மரம் செத்ததா பிழைத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை, சொன்ன பொருளே வரவில்லை. நான் போர்த்தினேனா இல்லையா என்ற வாதத்தை விட்டுவிட்டு இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டேன். கடை பதில் போடுவதை நிறுத்திவிட்டது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் கார்டு நிறுவனத்துக்கு எழுதினேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கடைக்காரரோடு சேர்த்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. விளம்பரத்தின் படம், முள் உதிரும் என்ற அந்த மின்னஞ்சல், இது இன்ன இனம் என்று பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதம், மூன்றையும் இணைத்தேன். முழுப் பணமும் வந்தது. டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இந்த 75ஆம் பிரிவு கிடையாது, அதனால் கட்டும்போதே யோசியுங்கள்.

மைனஸ் 17, மைனஸ் 20 என்று போடுகிற எண்களை நம்பி எந்தக் கன்றையும் வாங்காதீர்கள். அதெல்லாம் வருடக்கணக்கில் வேர் பிடித்து நிற்கும் பெரிய மரம், உலர்ந்த குளிரில், சில மணி நேரம் தாங்கிய அளவு. ஈரமண்ணில் நேற்று நட்ட கன்றுக்கு அது பொருந்தவே பொருந்தாது. இலையுதிர்காலம்தான் நட நல்ல காலம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம், பனைக்கு வேர் ஓட மண் சூடு வேண்டும், மே, ஜூன்தான் சரி. “டோர்பே பனை” என்று விற்பது பனையே இல்லை, நியூசிலாந்தின் கார்டிலைன். பூச்சி, நோய்ச் சோதனை விதிகளுக்கு உட்பட்டு வந்த மரம் என்று காட்டும் தாவர பாஸ்போர்ட் சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள், நம் தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு 1990களில் ஸ்பெயினுக்குள் நுழைந்ததே வெளியிலிருந்து வந்த மரங்களோடுதான். சுவிட்சர்லாந்தில் இருப்பவர்கள் சீனப் பனை வாங்கவே வேண்டாம். அந்த நாட்டின் தெற்கில் உள்ள டிசினோ மாநிலக் காடுகளில் அது தானாகப் பரவிவிட்டதால் 2024 செப்டம்பர் 1 முதல் சுவிட்சர்லாந்து முழுக்க விற்பனைக்குத் தடை, யாராவது விற்றால் அதுவே சட்டவிரோதம்.

ஏற்கனவே ஆர்டர் போட்டவர்கள் மரம் வந்த அன்றே மட்டை, தண்டு, பெயர்ச்சீட்டு மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முள் இருந்தால் தரையில் நடாமல் தொட்டியிலேயே வைத்து, வந்த 30 நாளுக்குள் “சொன்ன பொருள் இது இல்லை, திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தைக் கொடுங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். எந்த இனம் என்று குழப்பமாக இருந்தால் படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.