ஃபிராங்க்ஃபர்ட்டா, மூல்ஹைமா, ஹாம்பர்க்கா? ஜெர்மன் ஹாக்கியை வளர்த்த மூன்று கிளப்கள்

ஆண்கள் ஹாக்கியில் ஜெர்மனி நான்கு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறது. 1972 மியூனிக், 1992 பார்சிலோனா, 2008 பெய்ஜிங், 2012 லண்டன். ஒரு நாள் இந்த நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி, அந்தந்த ஆண்டில் ஐரோப்பாவின் கிளப் சாம்பியன் யார் என்று பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். 1972-க்கு நேராக ஃபிராங்க்ஃபர்ட் 1880 வந்தது. 1992-க்கு நேராக ஊலன்ஹோர்ஸ்ட் மூல்ஹைம். 2008, 2012 இரண்டுக்கும் நேராக ஹாம்பர்க் நகரின் ஊலன்ஹோர்ஸ்டர் ஹாக்கி கிளப். நான்கு தடவையும் ஜெர்மன் கிளப்தான்!

இதைத் திருப்பிப் போட்டால் கணக்கு நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1988-லும் ஐரோப்பிய சாம்பியன் மூல்ஹைம்தான், ஆனால் சியோலில் தங்கம் பிரிட்டனுக்குப் போனது. 1996-லும் மூல்ஹைம்தான், அட்லாண்டாவில் தங்கம் நெதர்லாந்துக்கு. கிளப் ஜெயித்தால் நாடு ஜெயித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடு ஜெயித்த ஒவ்வொரு தடவையும் உள்ளூரில் ஒரு கிளப் ஐரோப்பாவின் உச்சியில் இருந்திருக்கிறது. அப்படியானால் இந்த மூன்றில் எதன் வரலாறு பெரியது? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன் கிளப் என்றால் அங்கே என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பள்ளி அணியைவிட ஊர் கிளப்பைத்தான் அதிகம் நம்பியிருக்கிறார்கள். சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். ஒரே வளாகத்தில் மட்டையைத் தூக்கத் தெரியாத குழந்தையும் இருக்கும், லீக் அணியும் இருக்கும், மாலையில் டென்னிஸ் ஆட வரும் தாத்தாவும் இருப்பார். பல கிளப்களின் பெயரிலேயே ஹாக்கியும் டென்னிஸும் சேர்ந்தே வரும். மூல்ஹைம் கிளப்பின் முழுப் பெயரும் ஹாக்கி, டென்னிஸ் கிளப் என்றுதான் தொடங்குகிறது. குளிர்காலத்தில் வெளி மைதானம் உறையும்போது ஆட்டம் அரங்கத்துக்குள் போய்விடும். அந்தச் சின்ன இடத்தில் பந்தைப் பிடித்து, திருப்பி, தள்ளிப் பழகிய கைகள்தான் கோடையில் பெரிய மைதானத்துக்கு வருகின்றன.

வயதில் மூத்தது ஃபிராங்க்ஃபர்ட்

பெயரிலேயே ஆண்டு இருக்கிறது, 1880. ஆரம்பத்தில் இது ரக்பி கிளப். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி தனியாக ஒரு தேசிய ரக்பி அணியைத் திரட்டவில்லை. ஃபிராங்க்ஃபர்ட் கிளப்பே நாட்டின் சார்பில் போனது. அக்டோபர் 14 அன்று பிரான்ஸிடம் 27-17 என்று தோற்றது. பிரிட்டன் சார்பில் வந்த அணியும் பிரான்ஸிடம் தோற்றது. தோற்ற இருவரும் தங்களுக்குள் மோதவே இல்லை, அதனால் இரண்டு அணிகளுக்கும் வெள்ளி என்று பதிவாகிவிட்டது. ஒலிம்பிக் ரக்பியில் ஜெர்மனிக்கு இருக்கும் ஒரே பதக்கம் அதுதான், அதுவும் ஒரு ஊர் கிளப் கொண்டு வந்தது.

ஹாக்கியில் இதன் பொற்காலம் 1971 முதல் 1975 வரை. ஐரோப்பிய கிளப் கோப்பை 1969-ல் தொடங்கியது. முதல் இரண்டையும் ஸ்பெயினின் எகாரா எடுத்தது. அடுத்த ஐந்தும் வரிசையாக ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு. அந்த ஐந்துக்கு நடுவில்தான் மியூனிக் ஒலிம்பிக் வந்தது. 1928-லிருந்து ஒலிம்பிக் ஹாக்கி தங்கம் இந்தியாவையும் பாகிஸ்தானையும் விட்டு வெளியே போனதே இல்லை. 1972 இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனி 1-0 என்று பாகிஸ்தானைத் தோற்கடித்தது, கோலை அடித்தவர் மிஷாயில் க்ராவுஸே. நம் பக்கத்தில் அந்தத் தோல்வியை ஆசியாவின் சரிவாகத்தான் சொல்லுவோம். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் அது ஐரோப்பா வளர்ந்த கதை. ஒரு கிளப் ஆண்டுதோறும் மற்ற நாட்டுச் சாம்பியன்களோடு மோதி ஜெயித்துப் பழகினால், அந்தத் தைரியம் தேசிய அணிக்கும் வரத்தானே செய்யும்.

இதெல்லாம் புல்தரையில் ஆடிய ஆட்டம். ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது 1976 மாண்ட்ரியலில்தான். ஃபிராங்க்ஃபர்ட்டின் ஐந்தும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1976-லிருந்து மூன்று ஆண்டுகள் லண்டனின் சவுத்கேட் கோப்பையை எடுத்துக்கொண்டது. ஃபிராங்க்ஃபர்ட் ஆண்கள் அணியின் கைக்கு அது திரும்பவே இல்லை.

ஆனால் இந்த கிளப் படுத்துவிடவில்லை. 2008, 2009 இரண்டு ஆண்டும் ரக்பியில் ஜெர்மன் சாம்பியன்! 1900-ல் பாரிஸுக்கு அணி அனுப்பிய அதே கிளப், நூறு ஆண்டு கழித்தும் அதே ஆட்டத்தில் நாட்டின் முதலிடத்தில் நின்றது. ரக்பி, ஹாக்கி, டென்னிஸ், லாக்ராஸ் என்று நான்கும் ஒரே கூரையின் கீழ். பல விளையாட்டு கிளப் என்ற பெயருக்கு மூன்றில் அதிகப் பொருத்தம் இதற்குத்தான். இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் கிட்டவே வர முடியாது.

இரண்டு ஆந்தைக்கூடுகள்

மற்ற இரண்டின் பெயரிலும் ஊலன்ஹோர்ஸ்ட் இருப்பதால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்பிப்போவார்கள். நானும் முதலில் இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். ஊலன்ஹோர்ஸ்ட் என்றால் ஆந்தைக்கூடு. ஹாம்பர்க்கில் அல்ஸ்டர் ஏரிக்குக் கிழக்கே அந்தப் பெயரில் ஒரு பேட்டை இருக்கிறது. ரூர் ஆற்றங்கரையில் இருக்கும் மூல்ஹைம் நகரிலும் மரங்கள் அடர்ந்த ஒரு பகுதிக்கு அதே பெயர். இரண்டு கிளப்பும் தத்தம் பேட்டையின் பெயரை வைத்துக்கொண்டன, அவ்வளவுதான்.

ஹாம்பர்க் கிளப் பிறந்தது 1901-ல். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஆறு அணிகள் வந்தன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் தனித்தனியாக ஆடின. மற்ற இரண்டும் பிரான்ஸும் ஜெர்மனியும். ஜெர்மனி என்று களமிறங்கியது இந்த ஊலன்ஹோர்ஸ்டர் கிளப்தான்! ஸ்காட்லாந்திடம் 4-0 என்று தோல்வி, பிரான்ஸிடம் 1-0 என்று வெற்றி. ரக்பியில் ஃபிராங்க்ஃபர்ட் செய்ததை எட்டு ஆண்டு கழித்து ஹாக்கியில் ஹாம்பர்க் செய்தது. ஜெர்மன் ஹாக்கி சங்கமே அடுத்த ஆண்டு, 1909-ல்தான் தொடங்கப்பட்டது. நாட்டுக்கே சங்கம் வருவதற்கு முன்னால் நாட்டுக்காக ஆடிய கிளப் இது.

அப்புறம் ஒரு நூற்றாண்டு தாண்டி நேராக 2008-க்கு வந்துவிடலாம். 2007-ல் பழைய கோப்பைக்குப் பதிலாக யூரோ ஹாக்கி லீக் வந்தது. தொடக்கத்தில் பெரிய ஹாக்கி நாடுகளிலிருந்து மூன்று கிளப்கள் வரை வர முடிந்தது. ஆட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஃப்ரீ ஹிட் (எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் அடி) கிடைத்தவரே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம் என்ற விதியும் இங்கேதான் சோதிக்கப்பட்டு, பிறகு உலகம் முழுக்கப் போனது. இந்தப் புதிய லீகின் முதல் சாம்பியன் ஹாம்பர்க். மறுபடி 2010-ல், மறுபடி 2012-ல். ஐந்து ஆண்டுக்குள் மூன்று பட்டம்.

அந்த அணியில் நம்மவர்களுக்குத் தெரிந்த முகம் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே. 2008, 2012 இரண்டு தங்கமும் அவரிடம் இருக்கின்றன. 2012-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 2013-ல் ஹாக்கி இந்தியா லீகின் முதல் பதிப்பில் ராஞ்சி ரைனோஸ் கோப்பையை எடுத்தபோது கேப்டன் அவர், 2017-ல் கலிங்கா லான்சர்ஸுக்கும் அவரே. ஹாம்பர்க்கில் கற்ற ஆட்டத்தை நம் ஊர் மைதானங்களிலேயே பார்க்க முடிந்தது.

பெண்கள் அணியையும் சேர்த்து எடைபோட்டால் ஹாம்பர்க்கின் தட்டு இன்னும் தாழும். 2010-களில் ஜெர்மன் பெண்கள் பட்டத்தை இந்த கிளப் ஒரு தடவைக்கு மேல் எடுத்திருக்கிறது. 2016 ரியோவில் வெண்கலம் வென்ற ஜெர்மன் அணியின் கேப்டன் யானே முல்லர்-வீலாண்ட் இந்த கிளப்பின் வீராங்கனை.

ஒன்பது ஆண்டுகள்

மூல்ஹைம் கிளப் 1920-ல் வந்தது, மூன்றில் இளையது. எஸ்ஸனுக்கும் டூயிஸ்பர்க்குக்கும் நடுவில் உள்ள ஊர். நிலக்கரியும் இரும்பும் வளர்த்த வட்டாரம், மக்கள்தொகை சுமார் 1,70,000. ஃபிராங்க்ஃபர்ட்டின் வங்கிப் பணமும் ஹாம்பர்க்கின் துறைமுகச் செல்வமும் இங்கே கிடையாது. 1966-ல் ஊரின் கடைசிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள்.

இந்த ஊரின் கிளப் 1988-ல் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. பிறகு 1989, 1990, 1991, 1992, 1993, 1994, 1995, 1996. ஒன்பது ஆண்டும் வேண்டுமென்றேதான் எழுதினேன். "தொடர்ந்து ஒன்பது முறை" என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போனால் அதன் கனம் தெரியாது. முதல் கோப்பையை வாங்கியபோது நாடு இரண்டாக இருந்தது, பெர்லின் சுவர் நின்றுகொண்டிருந்தது. கடைசிக் கோப்பையின்போது நாடு ஒன்றாகி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. ஒன்பது ஆண்டில் ஒரு அணியில் எத்தனை பேர் காயப்படுவார்கள், படிப்பை முடித்து வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்து ஊர் மாறுவார்கள்! இடம் காலியாகும்போதெல்லாம் அதே வளாகத்திலிருந்து அடுத்த ஆள் வந்திருந்தால்தான் இது நடக்கும்.

அந்த அணியின் ஆயுதம் கார்ஸ்டன் ஃபிஷர் எடுக்கும் பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் கோலுக்கு அருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு. இன்றைய டிராக் ஃப்ளிக்கில் பந்து மட்டையில் ஒட்டியபடி இழுபட்டு, உயரமாக வலைக்குள் பறக்கும். ஃபிஷர் அடித்தது ஹிட். எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார், கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வளையத்தின் முனையில் இன்னொருவர் அதை அசையாமல் நிறுத்துவார். ஃபிஷர் மட்டையைப் பின்னுக்கு ஓங்கி ஒரே அடி. முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல் பலகையின் உயரத்துக்குள், அதாவது 460 மில்லிமீட்டருக்குள் போக வேண்டும் என்பது விதி. அதனால் பந்து தரையோடு தரையாகச் சீறிப்போய்ப் பலகையில் மோதும். அந்த மரச்சத்தம்தான் கோல். தடுக்க ஓடிவரும் டிஃபெண்டரின் முழங்காலுக்கு நேராக அந்தப் பந்து வரும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஃபிஷருக்கு 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் வெள்ளி, 1992 பார்சிலோனாவில் தங்கம்.

பெனால்டி கார்னர் அந்த ஊரின் குலத்தொழில் மாதிரி தொடர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5 காலை டோக்கியோ வெண்கலப் போட்டியை டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். இந்தியா 5-3 என்று முன்னால் போன பிறகு, கடைசிப் பகுதியில் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டு நம் வயிற்றைக் கலக்கியவர் லூகாஸ் விண்ட்ஃபெடர். அவர் மூல்ஹைம் ஆட்டக்காரர்.

என் ஓட்டு

மூல்ஹைமுக்குத்தான் போடுவேன், ஆனால் யோசித்துவிட்டுத்தான். ஹாம்பர்க் ரசிகர் ஒரு கேள்வி கேட்பார்: பழைய கோப்பையில் இத்தனை பலமான கிளப்கள் ஏது, ஒரே ஊரில் சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடுமே, எங்கள் மூன்றும் உங்கள் ஒன்பதும் ஒரே எடையா? நியாயமான கேள்வி. அப்போது இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீண்டுகொண்டிருந்த லீகில் மூன்று தடவை ஜெயிப்பது கடினம்தான். ஒரே ஒரு கோப்பையை வைத்து ஒப்பிடச் சொன்னால் ஹாம்பர்க்கின் 2008-ஐத்தான் மேலே வைப்பேன்.

ஆனால் சில நாட்களில் முடியும் போட்டியில் ஒரு மோசமான மதியம் போதும், வெளியே போய்விடலாம். ஒன்பது ஆண்டு அந்த மோசமான மதியம் வராமல் பார்த்துக்கொண்டது மூல்ஹைம். புதிய லீகில் நெதர்லாந்தின் புளூமெண்டால் 2021, 2022, 2023 என்று மூன்று தொடர்ந்து எடுத்ததையே பெரிய ஆதிக்கம் என்கிறோம்.

ஃபிராங்க்ஃபர்ட்டை இந்தப் போட்டியில் இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து கோப்பை பெரிய சாதனை, அதற்கு மேல் ரக்பியில் அது வாழும் வாழ்க்கை தனி. உங்கள் பிள்ளை ஜெர்மனியில் வளர்கிறான், இன்னும் எந்த ஆட்டம் என்று முடிவாகவில்லை என்றால் நான் கைகாட்டுவது ஃபிராங்க்ஃபர்ட்டைத்தான். பெண் குழந்தை, ஹாக்கிதான் என்று தீர்மானித்துவிட்டாள் என்றால் ஹாம்பர்க். ஹாக்கி வரலாறு படிக்க ஒரே ஒரு கிளப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றால் மூல்ஹைம்.

2012 ஆகஸ்டில் லண்டன் இறுதிப் போட்டியில் இரண்டு ஆந்தைக்கூடுகளும் ஒரே சட்டையில் நின்றன. ஹாம்பர்க்கிலிருந்து ஃபூர்ஸ்டேயும் ஃப்ளோரியான் ஃபுக்ஸும். எதிரில் நெதர்லாந்து, 1-1 என்று சமன். 70 நிமிட ஆட்டத்தில் 66-வது நிமிடம் தங்கத்தைத் தீர்மானித்த கோல் விழுந்தது. அடித்தவர் யான் பிலிப் ராபென்டே, ஜெர்மனியின் முதல் கோலும் அவருடையதுதான். கிளப், ஊலன்ஹோர்ஸ்ட் மூல்ஹைம்.